தனக்குத்தானே நேர்மாறான சார்புகள்: சோதிக்கவும் உருவாக்கவும் கணக்கில் பயன்படுத்தவும்

நேர்மாறுச் சார்பு காணும் முறை பதினொன்றாம் வகுப்பைத் தாண்டிய எல்லோருக்கும் தெரியும். y = f(x) என்று எழுதிக்கொண்டு, x-ஐத் தனியே பிரித்தெடுத்து, கடைசி வரியில் x, y இரண்டையும் இடம் மாற்றிவிட வேண்டும். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்து மாலை நேர டியூஷன்களில் இந்தக் கணக்கைப் போடும் பிள்ளைகளில் சிலர், அரைப் பக்கம் எழுதி முடித்த பிறகு, கொடுத்த சார்பே விடையாக வந்து நிற்பதைக் கண்டு, எங்கோ குறி தவறிவிட்டது என்று எண்ணி, முழுவதையும் அடித்துவிட்டு மறுபடி தொடங்குவதுண்டு. அடிக்க வேண்டியதில்லை. சில சார்புகளுக்கு நேர்மாறு அவையேதான். அத்தகைய சார்பைப் பார்த்தவுடன் அடையாளம் காண்பது, புதிதாக ஒன்றை உருவாக்குவது, கடினமாகத் தோன்றும் கணக்கில் அதைக் கருவியாக எடுத்தாள்வது ஆகிய மூன்றையும் இங்கே செய்து பார்க்கலாம். மூன்றாவதில்தான் உண்மையான லாபம் இருக்கிறது என்பதால் அதற்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

வரையறையும் சார்பகமும்

சார்பகத்தில் உள்ள ஒவ்வொரு x-க்கும் f(f(x)) = x என்றால், f தனக்குத்தானே நேர்மாறானது; சுருக்கமாகத் தன்னேர்மாறுச் சார்பு என்போம். இந்த ஒரு வரியில் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. f(x)-ஐ மறுபடியும் f-க்குள் இட வேண்டுமானால் f(x) சார்பகத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும். ஆகவே கணக்கைத் தொடங்கும் முன் சார்பகத்தை எழுதிக்கொள்ளுங்கள். பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான் நுழைகின்றன, இயற்கணிதத்தில் அல்ல.

சார்பகம் சரியாக அமைந்துவிட்டால், f ஒன்றுக்கொன்றானதா, மேல் சார்பா என்று தனித்தனியே நிறுவ வேண்டியதில்லை. f(a) = f(b) எனில் இருபுறமும் f-ஐச் செலுத்த a = b என்று வந்துவிடும். எந்த b-ஐ எடுத்தாலும் அது f(b)-இன் பிம்பமாக இருப்பதால், மேல் சார்பு என்பதும் கூடவே கிடைத்துவிடுகிறது. இருபுறச் சார்பு என நிறுவுக என்று தேர்வில் கேட்டிருந்தாலும் இந்த இரண்டு வாக்கியங்கள் போதும்.

தன்னேர்மாறுச் சார்பைச் சூத்திரமாகப் பார்ப்பதைவிட ஜோடி சேர்ப்பதாகப் பார்ப்பது நல்லது. x, f(x) ஆகிய இரண்டும் ஒரு ஜோடி. எதிலிருந்து தொடங்கினாலும் மற்றதற்குப் போய்ச் சேருவோம். f(x) = x ஆக இருக்கும் எண் ஜோடியில்லாமல் தனித்து நிற்கும்; அது நிலைப்புள்ளி. சென்னை மெட்ரோ ரயில் தடத்தில், வண்ணாரப்பேட்டையில் தொடங்கி விம்கோ நகரில் முடியும் பகுதியில் 9 நிலையங்கள் இருக்கின்றன. தெற்கிலிருந்து k என்று எண்ணப்படும் நிலையம், வடக்கிலிருந்து எண்ணினால் 10 − k ஆகும். வண்ணாரப்பேட்டையும் விம்கோ நகரும் 1, 9 என ஜோடி சேர, நடுவில் 5-ஆக நிற்கும் டோல்கேட் மட்டும் எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் 5-தான். அடுத்துள்ள விம்கோ நகர்ப் பணிமனை நிலையத்தையும் சேர்த்தால் நிலையங்கள் 10 ஆகும். சார்பு 11 − k ஆகிவிடும். தனித்து நிற்கும் நிலையம் இல்லாமற்போகும். உறுப்புகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் குறைந்தது ஒரு நிலைப்புள்ளியாவது இருந்தே தீரும். அற்பமாகத் தோன்றும் இந்த உண்மையைக் கடைசிப் பகுதியில் பெரிய வேலைக்குப் பயன்படுத்தப் போகிறோம்.

சோதிக்கும் முறை

f(x) = (2x + 3)/(x − 2) என்ற சார்பை எடுத்துக்கொள்வோம். f(f(x))-ஐ நேராகப் பிரதியிட்டுச் சுருக்குவது ஒரு வழி. அது எப்போதும் பலிக்கும். ஆனால் பின்னத்துக்குள் பின்னமாக நீளும். அதைவிட, y = f(x) என்பதைக் குறுக்கே பெருக்கி எழுதுவதையே நான் பரிந்துரைப்பேன். xy − 2y = 2x + 3; எல்லாவற்றையும் ஒருபுறம் கொண்டுவந்தால் xy − 2x − 2y = 3. இந்தச் சமன்பாட்டில் x இருக்கும் இடத்தில் y-ஐயும், y இருக்கும் இடத்தில் x-ஐயும் எழுதினால் அதே சமன்பாடுதான் கிடைக்கிறது. சோதனை இத்துடன் முடிந்தது. இருபுறமும் 4-ஐக் கூட்டினால் (x − 2)(y − 2) = 7 என்று இன்னும் தெளிவாகும். x = 5 என்றால் முதல் காரணி 3; ஆகவே y − 2 = 7/3, y = 13/3. திருப்பி x = 13/3 என்று வைத்தால் y = 5. மேலும் பெருக்கற்பலன் 7 என்பதால் y ஒருபோதும் 2 ஆகாது. 2-ஐ நீக்கிய மெய்யெண்களே சார்பகமாகவும் வீச்சகமாகவும் அமைகின்றன என்பதைத் தனியே ஆராயாமலேயே கண்டுகொள்கிறோம்.

வரைபடம் கொடுக்கப்பட்டிருந்தால் y = x என்ற கோட்டின் வழியே தாளை மடியுங்கள். இரு அச்சுகளிலும் அளவுத்திட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். கிராப் தாளில் x-அச்சுக்கு 1 செ.மீ. = 1 அலகு என்றும் y-அச்சுக்கு 1 செ.மீ. = 2 அலகு என்றும் வைத்துவிட்டு மடித்தால் பொருந்தாது. பென்சில் கோட்டைக் கொஞ்சம் அழுத்தி வரைந்து, மடித்த தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், வளைவின் ஒரு பாதி மறுபாதியின் மேல் சரியாகப் படிகிறதா என்பது தெரியும்.

இனி, ஏமாற்றும் இடங்கள். f(x) = √(1 − x²) என்பதைப் பாருங்கள். x² + y² = 1 சமச்சீராகத்தான் இருக்கிறது. ஆனால் சார்பகத்தை −1 முதல் 1 வரை என்று எடுத்தால், −0.6 என்பது 0.8-க்குப் போய், 0.8 திரும்பி 0.6-க்கு வந்துவிடுகிறது, −0.6-க்குத் திரும்புவதில்லை. உண்மையில் இங்கே f(f(x)) = |x|. சார்பகத்தை 0 முதல் 1 வரை குறுக்கினால்தான் அது தன்னேர்மாறு ஆகும். சமச்சீர்ச் சமன்பாடு இருந்தால் மட்டும் போதாது, எதிர்க்குறி மதிப்புகள் வழியில் தொலைகின்றனவா என்றும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே போதுமான எச்சரிக்கை.

இரண்டாவது பொறி, ஓரிரு எண்களை இட்டுப் பார்த்து முடிவு செய்வது. x² என்ற சார்பு 0-இலும் 1-இலும் f(f(x)) = x என்பதை நிறைவு செய்யும்; வேறு எந்த மெய்யெண்ணிலும் செய்யாது. மூன்றாவது, 1/(1 − x) போன்றவை. 2-இல் தொடங்கினால் −1, பிறகு 1/2, பிறகு மறுபடியும் 2. பழைய இடத்துக்குத் திரும்புவது உண்மைதான். ஆனால் மூன்றாவது முறையில். இதைத் தன்னேர்மாறு என்று எழுதிவிடுவது விடைத்தாள்களில் அடிக்கடி காணும் பிழை.

எந்த வகைகளில் தேடுவது

நேரியல் சார்புகளில் அதிகம் கிடைக்காது. f(x) = mx + c எனில் f(f(x)) = m²x + mc + c; இது x-க்குச் சமமாக வேண்டுமானால் m² = 1, c(m + 1) = 0. ஆகவே சமனிச் சார்பு ஒன்று. மற்றவை எல்லாம் c − x என்ற வடிவம். அவ்வளவுதான்.

விகிதமுறு சார்புகளில் வளம் அதிகம். f(x) = (ax + b)/(cx + d), c பூச்சியமல்ல என்று கொள்வோம். கெழுக்களை 2 × 2 அணியாக எழுதினால், முதன்மை மூலைவிட்டத்தின் கூட்டுத்தொகையான a + d பூச்சியமாக இருப்பதே நிபந்தனை. காரணத்தைச் சரிபார்க்க ஒரு வரி போதும். d = −a என இட்டு f(f(x))-ஐ விரித்தால், தொகுதியில் (a² + bc)x என்பதும் பகுதியில் a² + bc என்பதும் எஞ்சும்; மற்ற உறுப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். a² + bc பூச்சியமாக இருந்தால் சார்பே வெறும் மாறிலியாகச் சரிந்துவிடும் என்பதால் அதை மட்டும் விலக்க வேண்டும். மேலே பார்த்த 1/(1 − x)-இல் மூலைவிட்டக் கூட்டுத்தொகை 0 + 1, பூச்சியமல்ல, அதனால்தான் அது தேறவில்லை. (1 − x)/(1 + x)-இல் −1 + 1 = 0; தேறுகிறது. இந்தக் கடைசிச் சார்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: x ஒரு கோணத்தின் டேஞ்சன்ட் என்றால், (1 − x)/(1 + x) என்பது 45°-இலிருந்து அந்தக் கோணத்தைக் கழித்தால் வருவதன் டேஞ்சன்ட். 45°-இலிருந்து இருமுறை கழித்தால் பழைய கோணமே வரும் என்பதால் இது தன்னேர்மாறாக இருப்பதில் வியப்பில்லை.

இவ்வகையின் நிலைப்புள்ளிகள் cx² − 2ax − b = 0 என்ற இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள். தன்மைகாட்டி 4(a² + bc). ஆகவே a² + bc மிகையாக இருந்தால் இரண்டு நிலைப்புள்ளிகள்; குறையாக இருந்தால் மெய்யெண்களில் ஒன்றும் இல்லை. −1/x பின்னதற்கு எளிய எடுத்துக்காட்டு.

உருவாக்குதல்

தன்னேர்மாறுச் சார்பு ஒன்றை நீங்களே படைக்க விரும்பினால், தெரிந்த ஒரு தன்னேர்மாறை எடுத்து, அதற்கு முன்னால் g என்ற இருபுறச் சார்பையும் பின்னால் g-இன் நேர்மாறையும் வையுங்கள். g, பிறகு h, பிறகு g-இன் நேர்மாறு. இந்த வரிசையை இருமுறை ஓட்டினால் நடுவில் g-இன் நேர்மாறும் g-உம் சந்தித்து மறைய, இரண்டு h-களும் சேர்ந்து மறைந்துவிடும். g(x) = x − 2, h(x) = 7/x என்று வைத்தால் முன்பு சோதித்த (2x + 3)/(x − 2) கிடைக்கும். g(x) = x³, h(x) = 1 − x என்று வைத்தால் ∛(1 − x³) கிடைக்கும்; 2-ஐ இட்டால் ∛(−7), அதை மறுபடி இட்டால் ∛8, அதாவது 2.

மாணவர்களுக்குக் கேள்வித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு எனக்குப் பிடித்த ஒன்றையும் சொல்கிறேன். மிகை மெய்யெண்களில் (2^x − 1)(2^y − 1) = 3 என்ற சமன்பாட்டை எடுங்கள். x = 1 என்றால் y = 2; x = 2 என்றால் y = 1. y-ஐ வெளிப்படையாக எழுதினால், 2-ஐ அடிமானமாகக் கொண்டு 1 + 3/(2^x − 1) என்பதன் மடக்கை வரும். அந்த வடிவத்தை மட்டும் கொடுத்து நேர்மாறு காணச் சொன்னால், சமச்சீரைத் தேடத் தெரிந்தவர் யார், இயந்திரம்போல இடம் மாற்றுகிறவர் யார் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மெய்யெண்கள் முழுவதிலும் தொடர்ச்சியாக உள்ள தன்னேர்மாறுகளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: சமனிச் சார்பைத் தவிர மற்றவை எல்லாம் இறங்குமுகமாகவே இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு நிலைப்புள்ளிதான் இருக்கும். தொடர்ச்சியும் ஒன்றுக்கொன்றுத் தன்மையும் சேர்ந்தால் சார்பு முழுக்க ஏறும் அல்லது முழுக்க இறங்கும். ஏறுகிறது என்றும், ஏதோ ஓரிடத்தில் f(x) > x என்றும் கொண்டால், f(f(x)) > f(x) > x என்று வந்து வரையறையோடு முரண்படும். f(x) < x என்றாலும் அப்படியே. எனவே ஏறுமுகமானது சமனி மட்டுமே. இறங்குமுகமாயின், f(x) − x என்பது x-இல் ஒரு குறியையும் f(x)-இல் எதிர்க்குறியையும் எடுப்பதால் இடையில் எங்கோ பூச்சியம் ஆகிறது. தொடர்ந்து இறங்கிக்கொண்டே போவதால் ஒரே ஒருமுறை. 1/x-க்கு 1, −1 என்று இரண்டு நிலைப்புள்ளிகள் இருக்கின்றனவே என்றால், அதன் சார்பகம் 0-இல் துண்டுபட்டிருக்கிறது.

இறங்குமுகமான ஒவ்வொன்றும் வேடமிட்ட −x-தான் என்றும் காட்டலாம். g(x) = x − f(x) என்று வையுங்கள்; g(f(x)) = f(x) − x = −g(x). மேலே சொன்ன சமையலில் h(x) = −x என்ற ஒரே சரக்கு போதும் என்பது இதன் பொருள்.

கேரம் பலகையில்

உலகப் பட்டம் வரை போன ஆட்டக்காரர்களைத் தந்த வடசென்னையில், கேரம் மூலம் பிரதிபலிப்பை விளக்குவது எளிது. பலகையின் ஆடுதளம் 29 அங்குலச் சதுரம், சுமார் 74 செ.மீ. இடது ஓரச் சட்டத்தை x = 0 என்றும் வலது ஓரச் சட்டத்தை x = 74 என்றும் கொள்வோம். ஸ்டிரைக்கர் (34, 10)-இல். அடிக்க வேண்டிய காய் (54, 55)-இல். நேர்வழியை வேறொரு காய் மறைக்கிறது. வலது சட்டத்தில் எந்த இடத்தில் பட்டுத் திரும்பினால் காயை அடையும்? σ(x) = 148 − x என்ற தன்னேர்மாறைக் காய்க்குச் செலுத்தினால் அதன் பிம்பம் (94, 55)-இல், பலகைக்கு வெளியே நிற்கிறது. ஸ்டிரைக்கரிலிருந்து அந்தப் பிம்பத்துக்கு நேர்கோடு போட்டால், 60 செ.மீ. கிடைத்தூரத்தில் 40 செ.மீ. கடந்ததும் சட்டம் வருகிறது; உயரம் 10 + (2/3) × 45 = 40. ஆக, (74, 40) என்ற புள்ளியைக் குறிவைக்க வேண்டும். காயை விட்டுவிட்டு ஸ்டிரைக்கரைப் பிரதிபலித்து (114, 10) என்று வைத்துக் கோடு போட்டாலும் அதே 40-தான் வரும். σ-வை இன்னொரு முறை செலுத்தினால் முதல் படம் திரும்பிவிடும் என்பதே காரணம். துல்லியம் வேண்டுவோர் 74-க்குப் பதிலாக ஸ்டிரைக்கரின் ஆரமான சுமார் 2 செ.மீ. கழித்த எண்ணை எடுக்க வேண்டும். பவுடர், சுழற்சி, சட்டத்தின் துள்ளல் ஆகியவற்றுக்கு இந்தச் சூத்திரம் பொறுப்பேற்காது.

இரண்டு சட்டங்களில் பட்டுத் திரும்பும் அடியில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இரு தன்னேர்மாறுகளின் சேர்ப்பு தன்னேர்மாறாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வரிசையை மாற்றினாலும் விளைவு மாறாதபோது மட்டுமே அப்படி அமையும். ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு சட்டங்களுக்கு வரிசை பொருட்டல்ல. எதிரெதிர்ச் சட்டங்களுக்கோ, முதலில் −x பிறகு 148 − x என்றால் x + 148. மாற்றிச் செய்தால் x − 148. இரண்டுமே திரும்பி வராத நகர்வுகள்.

சமன்பாட்டிலும் தொகையிடலிலும்

2016 ஜே.இ.இ. மெயின் தேர்வில் வந்த ஒரு கணக்கின் முதல் படி: x பூச்சியமல்லாதபோது f(x) + 2f(1/x) = 3x எனில் f என்ன? x-ஐ 1/x-ஆக மாற்றினால் f(1/x) + 2f(x) = 3/x. 1/x தன்னேர்மாறு என்பதால் புதிய மூன்றாவது தெரியாக்கணியம் எதுவும் முளைக்கவில்லை; இரண்டு சமன்பாடுகள், இரண்டு தெரியாக்கணியங்கள். தீர்த்தால் f(x) = 2/x − x. இத்தகைய கணக்கைக் கண்டதும் உள்ளே இருக்கும் தன்னேர்மாறு எது என்று தேடி, அதையே பிரதியிடுங்கள். 1/(1 − x) உள்ளே இருந்தால் மூன்று சமன்பாடுகள் வேண்டும் என்பதும் இப்போது விளங்கும்.

தொகையிடலில், எல்லைகள் 0 முதல் a வரை இருந்தால் x-க்குப் பதில் a − x இடும் உத்தியைப் பாடநூலே சொல்லித்தருகிறது. அந்த உத்திக்கு அண்ணன் ஒன்று இருக்கிறது. மடக்கை(1 + x)/(1 + x²) என்பதை 0 முதல் 1 வரை தொகையிட வேண்டும். மடக்கை என்பது இங்கே இயல் மடக்கை. பகுதித் தொகையிடலில் இறங்கினால் சேற்றில் கால் வைத்த கதைதான். மாறாக x = (1 − u)/(1 + u) என்று பிரதியிடுங்கள். x 0-இலிருந்து 1-க்குப் போகும்போது u 1-இலிருந்து 0-க்கு வருகிறது. dx/(1 + x²) என்பது −du/(1 + u²) ஆகிறது. 1 + x என்பது 2/(1 + u) ஆகிறது. எல்லைகளைத் திருப்பியதும் குறையும் நீங்க, தேடும் மதிப்பை I என்றால், I = (π/4) × மடக்கை 2 − I. ஆகவே I = (π/8) × மடக்கை 2. பகுதியில் 1 + x² இருந்து, எல்லைகள் 0-உம் 1-உம் ஆக இருந்தால், இந்தப் பிரதியிடலை ஒருமுறை முயன்று பார்ப்பதில் நட்டமில்லை. டேஞ்சன்ட் தொடர்பை நினைத்துப் பார்த்தால், இதுவும் 45° − θ என்ற பழைய உத்தியே என்பது புரியும்.

துறைமுக அலுவலகத்திலிருந்து போன கடிதம்

1912 மார்ச் 1 முதல் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராக இருந்த ராமானுஜன், 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதத்தில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு அனுப்பிய முடிவுகளில் ஒன்று முடிவில்லாத் தொடர் பின்னத்தின் மதிப்பு. q-இன் ஐந்தாம் படிமூலத்தை 1 + q/(1 + q²/(1 + q³/(1 + …))) என்பதால் வகுத்தால் வருவதை R(q) என்போம். q = e^(−2π) எனும்போது R-இன் மதிப்பு √((5 + √5)/2) − (1 + √5)/2 என்பது, e^(2π/5)-ஆல் பெருக்கிய வடிவில் அக்கடிதத்தில் இருக்கிறது. இதையும் இதைச் சார்ந்த வேறு சிலவற்றையும் பார்த்துத் தாம் முற்றிலும் தோற்றுப்போனதாக ஹார்டி பின்னாளில் எழுதினார்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதை நம் கருவியால் ஓரளவு பார்க்கலாம். ராமானுஜன் தந்த உறவு இது: αβ = π² ஆக இருக்கும் மிகை எண்கள் α, β-க்கும், φ = (1 + √5)/2 என்ற பொன் விகிதத்துக்கும், x = R(e^(−2α)), y = R(e^(−2β)) எனில் (φ + x)(φ + y) = (5 + √5)/2. வடிவத்தைக் கவனியுங்கள்; (x − 2)(y − 2) = 7 என்பதன் உடன்பிறப்பு. விரித்து y-ஐத் தனிப்படுத்தினால் y = (1 − φx)/(x + φ); மூலைவிட்டக் கூட்டுத்தொகை −φ + φ = 0. α-வை π²/α-ஆக மாற்றுவதும் தன்னேர்மாறு; அதனால் x, y-ஆக மாறுவதும் தன்னேர்மாறு. முதலாவதன் நிலைப்புள்ளி α = π. அங்கே x-உம் y-உம் ஒன்றாகிவிடுவதால் (φ + x)² = (5 + √5)/2; x மிகை என்பதால் வர்க்கமூலம் எடுத்து φ-ஐக் கழித்தால் கடிதத்தில் உள்ள மதிப்பே வருகிறது, தோராயமாக 0.28408. அந்த உறவை நிறுவுவதுதான் மலை. அதற்குத் தீட்டா சார்புகள் வேண்டும். மலையுச்சியிலிருந்து கடைசி ஓரடியை வைக்கத்தான் நிலைப்புள்ளி உதவுகிறது. ராமானுஜன் பேரில் ராயபுரத்தில் 1993-இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகத்துக்குப் போகிற மாணவர்கள் இந்த ஒரு கணக்கையாவது கையில் போட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம்.

எண்ணிக்கைக் கணக்குகளில்

முடிவுறு கணங்களில் தன்னேர்மாறு என்பது சிலவற்றை ஜோடி சேர்த்து மற்றவற்றைத் தனியே விடுவது. n பொருள்களுக்கு எத்தனை தன்னேர்மாறுகள்? கடைசிப் பொருள் தனித்து நின்றால் மீதி n − 1 பொருள்களின் கணக்கு. அல்லது மற்ற n − 1-இல் ஒன்றோடு சேர்ந்தால் மீதி n − 2 பொருள்களின் கணக்கு. இந்த விதிப்படி 1, 2, 4, 10, 26, 76 என்று தொடர் வளரும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பயன்படுத்திய எனிக்மா இயந்திரம் 26 எழுத்துகளையும் 13 ஜோடிகளாக்கியது. மறைக்கவும் விடுவிக்கவும் ஒரே அமைப்பு போதும் என்ற வசதி அதனால் வந்தது. எந்த எழுத்தும் தானாகவே வராது என்ற பலவீனமும் அதனாலேயே வந்தது, எதிர்த்தரப்பினர் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

n-இன் காரணிகளை d, n/d என்று ஜோடி சேர்த்தால், தனித்து நிற்கக் கூடியது √n மட்டுமே. ஆகவே முழு வர்க்கங்களுக்குத்தான் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படை, 36-க்கு 9. பத்தாம் வகுப்பின் மட்டு எண்கணிதத்தில் 11-ஐ மட்டாகக் கொண்டு பெருக்கல் நேர்மாறுகளைச் சேர்த்தால் 2 உடன் 6, 3 உடன் 4, 5 உடன் 9, 7 உடன் 8 என்று சேர, 1-உம் 10-உம் தனித்து நிற்கும். எனவே 10!-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி 10. எந்தப் பகா எண்ணுக்கும் இதுவே வில்சன் தேற்றம்.

4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண் ஒவ்வொன்றும் இரு வர்க்கங்களின் கூடுதல் என்ற ஃபெர்மா தேற்றத்துக்கு, 1990-இல் கணிதவியலாளர் டான் ஜாகியர் ஒரே வாக்கியத்தில் நிரூபணம் வெளியிட்டார். ஹீத்-பிரவுன் முன்பே கண்ட வழியை அவர் சுருக்கியிருந்தார். இரண்டு தன்னேர்மாறுகள்தான் அதன் முழுச் சரக்கு. p = 13-ஐ வைத்துச் செய்து பார்க்கலாம். x² + 4yz = 13 என்பதை நிறைவு செய்யும் மிகை முழு எண்கள்: x = 1 எனில் yz = 3, x = 3 எனில் yz = 1. ஆக (1, 1, 3), (1, 3, 1), (3, 1, 1) என்று மூன்று (x, y, z) மும்மைகள். முதல் தன்னேர்மாறு மூன்று விதிகளால் ஆனது. x < y − z எனில் (x + 2z, z, y − x − z). y − z < x < 2y எனில் (2y − x, y, x − y + z). x > 2y எனில் (x − 2y, x − y + z, y). சமன் குறிகள் வருவதற்கு இடமில்லை. வந்தால் p பகு எண்ணாகிவிடும். (1, 1, 3)-க்கு நடு விதி பொருந்தும்; அது தன்னிடமே நிற்கிறது. (1, 3, 1)-க்கு முதல் விதி. அது (3, 1, 1) ஆகிறது. (3, 1, 1)-க்கு மூன்றாம் விதி. அது (1, 3, 1)-க்குத் திரும்புகிறது. p = 4k + 1 எதற்கும் இந்த விதிகளில் தனித்து நிற்பது (1, 1, k) ஒன்றே; ஆகவே மும்மைகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படை. இப்போது y-ஐயும் z-ஐயும் இடம் மாற்றும் இரண்டாவது தன்னேர்மாறை அதே கணத்தில் செலுத்துங்கள். ஒற்றைப்படை எண்ணிக்கையில் அதற்கும் ஒரு நிலைப்புள்ளி இருந்தாக வேண்டும்; அங்கே y = z, ஆகவே p = x² + (2y)². நம் கணக்கில் அது (3, 1, 1); 13 = 3² + 2².

17-க்கு மும்மைகள் ஐந்து: (1, 1, 4), (1, 2, 2), (1, 4, 1), (3, 1, 2), (3, 2, 1). மூன்று விதிகளையும் செலுத்தி எது எதோடு சேர்கிறது என்று பாருங்கள்; இடமாற்றத்தில் அசையாமல் நிற்பது (1, 2, 2), அதிலிருந்து 17 = 1² + 4². 19, 23 போன்ற, மீதி 3 வரும் பகா எண்களுக்கு இந்த வேலையைத் தொடங்கவே முடியாது. x ஒற்றைப்படை என்பதால் x² + 4yz-ஐ 4-ஆல் வகுக்கும்போது மீதி 1-தான் வரும். ஜோடி சேர்க்க ஒரு மும்மைகூட அகப்படாது.